புறாவும் திமிங்கிலமும்: கொல்கத்தா வழியாகச் சென்ற படைப்பு - பரிணாம வழக்கு

மலர்க் குழுவினர் தொலைபேசியில் அழைத்து, "நயினாரே, வழக்கம்போல சமணக் குகை, கல்வெட்டுன்னு எழுதாம, நாம பொழைக்க வந்த இந்த ஊரைப் பத்தி ஒண்ணு எழுதுங்க" என்றார்கள். சரி என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் நான் எழுத எடுத்துக்கொண்ட பொருள் அவர்கள் எதிர்பார்த்ததாக இருக்காது.

அடியேன் வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்தவன். எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பு முடிந்தது. 1982-இல் கொல்கத்தா வந்து, ஈரோட்டு லைனிங் துணியும் பாப்ளினும் வரவழைத்து மெட்டியாபுரூஸ் தையல்காரர்களுக்குக் கொடுத்துவரும் வியாபாரி. கார்டன் ரீச்சில் குடியிருப்பு. பகலில் மீட்டர் கணக்கு, இரவில் புத்தகம். ஆகவே இது பட்டம் பெற்ற ஆய்வாளரின் கட்டுரை அன்று. ஒரு தவறைத் திருத்திக்கொள்ள முயன்றவனின் குறிப்புகள் என்று கொள்ளலாம்.

அந்தத் தவறு இதுதான். 2009-ஆம் ஆண்டு டார்வின் பிறந்து 200 ஆண்டு, அவருடைய நூல் வந்து 150 ஆண்டு. நம்மவர் கூட்டம் ஒன்றில் 'டார்வினுக்கு முன்பே சமணம்' என்று பேசினேன். கடவுள் உலகைப் படைக்கவில்லை என்று எங்கள் ஆசிரியர்கள் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே சொல்லிவிட்டார்கள், ஆறு நாளில் உலகம் என்பது சிறுபிள்ளைக் கதை என்று கொஞ்சம் கேலியாகவும் பேசிவிட்டேன். கைதட்டல் பலமாக இருந்தது. ஆனால் முன்வரிசையில் இருந்த திருநெல்வேலி அண்ணாச்சி, தென்கிழக்கு ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் வீட்டுக்கு வாராவாரம் வருகிறவர், எழுந்து போய்விட்டார். அவர் தினமும் வேதாகமம் வாசிக்கிறவர். பிறகு பல மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. வந்தபின்னும் அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

2023-இல் என் பேத்தி பத்தாம் வகுப்பு. பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லி என்.சி.இ.ஆர்.டி. அறிவியல் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதியை எடுத்துவிட்டார்கள். 'பாரம்பரியமும் பரிணாமமும்' என்றிருந்த பாடம் 'பாரம்பரியம்' என்று ஆயிற்று. 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு ஆட்சேபித்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் அது இருக்கிறது. ஆனால் பத்தோடு உயிரியலை விட்டுவிடும் பிள்ளைக்கு அது கண்ணில் படாது. பேத்தி கேட்டாள்: "தாத்தா, ரயில் தாத்தா ஒண்ணு சொல்றார், நீங்க ஒண்ணு சொல்றீங்க, புஸ்தகத்துல ஒண்ணுமே இல்ல. எது சரி?" அதற்குப் பதில் சொல்லத்தான் நூலகங்களுக்குப் போனேன். போன பின்புதான், உலகையே உலுக்கிய அந்த வழக்கின் சில முக்கியச் சாட்சிகள் நம் கொல்கத்தாவிலேயே நடமாடியவர்கள் என்று தெரிந்தது.

வழக்கு என்ன?

வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமம், இறைவன் ஆறு நாளில் வானையும் பூமியையும் உயிர்களையும் படைத்ததைச் சொல்கிறது. அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650-இல், வேதாகமத் தலைமுறைகளைக் கணக்கிட்டு, படைப்பு நடந்தது கி.மு. 4004 என்று எழுதினார். 1701 முதல் ஆங்கில வேதாகமப் பதிப்புகளின் ஓரத்தில் அந்த ஆண்டு அச்சாயிற்று. படித்தவர்கள் பலரும் அதை வேதவாக்காகவே எடுத்துக்கொண்டார்கள். இன்று நிலவியலார் பூமிக்குச் சொல்லும் வயது சுமார் 454 கோடி ஆண்டு.

1858 ஜூலை 1 அன்று இலண்டன் லின்னேயன் சங்கத்தில் டார்வின், வாலஸ் இருவர் கருத்தும் சேர்த்து வாசிக்கப்பட்டன. 1859 நவம்பர் 24-இல் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்தது. உயிரினங்கள் தனித்தனியே படைக்கப்பட்டவை அல்ல, முன்னிருந்த உயிர்களிலிருந்து நெடுங்காலத்தில் மாறி வந்தவை என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டே ஆக்ஸ்ஃபோர்டில் பிஷப் வில்பர்ஃபோர்சும் ஹக்ஸ்லியும் மோதினார்கள். 1925-இல் அமெரிக்காவின் டேட்டன் நகரில், பரிணாமம் கற்பித்ததற்காக ஸ்கோப்ஸ் என்ற பள்ளி ஆசிரியர் மீது வழக்கு நடந்தது. 1987-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அரசுப் பள்ளிகளில் 'படைப்பு அறிவியலை'க் கட்டாயமாகக் கற்பிக்கும் சட்டம் செல்லாது என்றது.

இது மேல்நாட்டுச் சண்டை மட்டும் அன்று. சென்னையில் லௌகிக சங்கத்தார் 1882 முதல் 1888 வரை நடத்திய 'தத்துவவிவேசினி' என்ற தமிழ் இதழ், படைப்புக் கொள்கையை, கிறிஸ்தவம் இந்து என்று பாராமல், கேள்வி கேட்டது. டார்வின் இறந்ததே 1882-இல் என்பதை நினைத்தால், தமிழில் இந்த வாதம் எவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டது என்பது விளங்கும்.

ஆற்றுக்கு அக்கரை

மெட்டியாபுரூஸ் படித்துறையில் நின்று ஹூக்ளிக்கு அக்கரை பார்த்தால் அடர்ந்த பச்சை தெரியும். அது ஷிப்பூர் தாவரவியல் பூங்கா, 1787-இல் ராபர்ட் கிட் தொடங்கியது. நம்மில் பலர் குழந்தைகளோடு பெரிய ஆலமரம் பார்க்கப் போயிருப்போம். அதை ஒட்டி 1820-இல் பிஷப் மிடில்டன் நிறுவிய பிஷப் கல்லூரி இருந்தது. மதபோதகர்களை உருவாக்க வந்த கல்லூரி. வங்கக் கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத்தர் அங்கே படித்துவிட்டுத்தான் 1848-இல் நம் சென்னைக்கு வந்து சில ஆண்டு வாழ்ந்தார். 1880-இல் அந்த வளாகம் பொறியியல் கல்லூரிக்குப் போயிற்று.

ஒரே கரையில் வேதாகமக் கல்லூரி, பக்கத்திலேயே இயற்கை ஆராய்ச்சிப் பூங்கா. அன்று இவை பகை வீடுகள் அல்ல. படைப்பை ஆராய்வது படைத்தவனை அறிவதே என்றுதான் பலர் எண்ணினார்கள். 1848 முதல் 1855 வரை பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்தவர் ஹ்யூ ஃபால்கனர். அதற்கு முன் 1830-களில் சிவாலிக் மலையில் காட்லியுடன் சேர்ந்து, மறைந்துபோன யானைகள், ஒட்டகச்சிவிங்கி இனத்து மிருகம், வண்டி அளவு ஆமை என்று புதைபடிவங்களைத் தோண்டியெடுத்தவர். டார்வினின் நண்பர். ஆனாலும் டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வு மட்டும் போதாது என்று ஐயம் தெரிவித்தவர். நண்பனாக இருந்துகொண்டே ஆட்சேபிக்கலாம் என்பதற்கு அவர் ஒரு முன்மாதிரி.

சம்பளம் உயராத ஒரு காப்பாளர்

இப்போது நம் கதையின் முக்கிய மனிதர். எட்வர்ட் பிளைத், 1810-இல் இலண்டனில் பிறந்தவர். மருந்துக்கடை வைத்தார். கடையைப் பார்க்காமல் பறவையைப் பார்த்ததால் கடை நொடித்தது. (வியாபாரிகளுக்கு இது ஒரு பாடம், ஆனால் எல்லா வியாபாரியும் இப்படி நொடித்திருந்தால் உலகுக்கு நல்லதோ என்றும் தோன்றுகிறது.) 1841-இல் கல்கத்தா ஆசியச் சங்கத்தின் அருங்காட்சியகக் காப்பாளராக வந்தார். ஆண்டுக்கு 300 பவுண்டு சம்பளம். இருபது ஆண்டு அதே சம்பளம். இன்று பார்க் ஸ்ட்ரீட் முனையில் நாம் காணும் அந்தச் சங்கத்தில் இருந்துகொண்டு, இந்தியா பர்மா முழுவதிலிருந்தும் வந்த பறவைகளையும் விலங்குகளையும் பதிவு செய்தார். அந்தச் சேகரிப்புகள்தான் பின்னர் நாம் 'ஜாதுகர்' என்று சொல்லும் இந்திய அருங்காட்சியகத்துக்குப் போயின.

1855-இல் டார்வின் அவருக்குக் கடிதம் எழுதிக் கேள்விகள் கேட்கத் தொடங்கினார். பிளைத் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினார். நம் நாட்டுத் திமில் மாடு, ஐரோப்பிய மாடு இரண்டும் வேறு வேறு மூலத்திலிருந்து வந்தவை என்றார். வீட்டுக்கோழிகள் எல்லாம் நம் காட்டில் திரியும் சிவப்புக் காட்டுக்கோழியின் வம்சம் என்றார். அதே ஆண்டு டிசம்பர் 8-இல் எழுதிய கடிதத்தில், வாலஸ் என்பவர் சரவாக்கிலிருந்து எழுதிய கட்டுரையைப் படித்தீர்களா, நன்றாக இருக்கிறதே என்று டார்வினின் கவனத்தைத் திருப்பினார். புதிய இனங்கள் பழைய இனங்களுக்கு அடுத்தே தோன்றுகின்றன என்று சொன்ன கட்டுரை அது. ஆக, டார்வின் வீட்டுக்கு வந்த அந்த எச்சரிக்கை மணி கல்கத்தாவிலிருந்து அடித்தது.

டார்வின் நன்றி மறக்கவில்லை. தன் நூலின் முதல் அத்தியாயத்திலேயே பிளைத்தின் பெயரைச் சொல்லி, அவருடைய கருத்தைப் பிறர் கருத்தினும் மேலாக மதிப்பதாக எழுதினார். பிளைத்தின் மனைவி 1857-இல் இறந்தார். உடல் நலிந்து 1862-இல் ஊர் திரும்பிய பிளைத் 1873-இல் காலமானார்.

நவாப் வீட்டுப் புறாவும் சென்னையிலிருந்து போன புறாவும்

1856-இல் கம்பெனி அயோத்தியைப் பறித்துக்கொண்டபோது, நவாப் வாஜித் அலி ஷா கல்கத்தா வந்து கார்டன் ரீச்சில் தங்கினார். 1857 கிளர்ச்சியின்போது வில்லியம் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டு, 1859-இல் விடுதலையாகி, 1887-இல் சாகும்வரை இங்கேயே ஒரு சின்ன லக்னோவைக் கட்டி வாழ்ந்தார். சிப்தைனாபாத் இமாம்பாராவில் அவர் அடக்கம். லக்னோவில் அவருடைய விலங்குகள் ஏலம் போயின. விலங்கு வியாபாரத்தில் கொஞ்சம் காசு பார்க்கலாம் என்று அலைந்த நம் பிளைத்தும் அந்த ஏலத்தில் புலிகள் வாங்கினார். இந்த வியாபாரத்தில் கூட்டுச் சேர டார்வினையும் அழைத்தார், டார்வின் சேரவில்லை. நவாபோ மெட்டியாபுரூஸில் மறுபடி ஒரு விலங்குக் கூடம் அமைத்தார். அங்கே வளர்ந்த உருது எழுத்தாளர் அப்துல் ஹலீம் ஷரர் அதை விரிவாக எழுதியிருக்கிறார். பாம்புக்கு ஒரு செயற்கைக் குன்று, ஆயிரக்கணக்கில் புறாக்கள்.

அந்தப் புறா மோகம் இன்றும் இங்கே போகவில்லை. என் பழைய வாடிக்கையாளர் ஒருவர், ஒஸ்தாகர், மொட்டை மாடியில் புறா வளர்க்கிறார். நான் அவரை சாச்சா என்பேன். பாக்கி வசூலுக்குப் போனால் முதலில் புறாவைக் காட்டிவிட்டுத்தான் பணப்பெட்டியைத் திறப்பார். ஒருமுறை கேட்டேன்: "சாச்சா, லக்காவையும் கரணம் அடிக்கிற ஜாதியையும் சேர்த்தா என்ன ஆகும்?" சிரித்தார். "சேர்க்கவே கூடாது சேட்ஜி. கலந்து கலந்து விட்டா ரெண்டு மூணு தலைமுறையில மசூதி மாடத்துல இருக்கற நீலப் புறாவாத்தான் வந்து நிக்கும். நாம பண்ணின வேலை எல்லாம் போயிடும்."

எனக்கு மயிர்க்கூச்சு எடுத்தது. டார்வினின் நூலில் இதே செய்திதான் ஒரு முக்கியச் சான்று! விதவிதமான புறா ஜாதிகளைக் கலந்தபோது, பேரப்பிள்ளைகளில் காட்டு மாடப்புறாவின் நீலச் சாம்பல் நிறமும் இறகில் கறுப்புக் கோடும் திரும்பி வந்தன. ஆகவே எல்லா ஜாதிக்கும் மாடப்புறாவே பாட்டன் என்றார் அவர். மனிதன் சில நூறு ஆண்டில் தேர்ந்தெடுத்து இவ்வளவு மாற்றலாம் என்றால், இயற்கை கோடிக்கணக்கான ஆண்டில் எவ்வளவு மாற்றும் என்பது அவர் கேள்வி. 2013-இல் விஞ்ஞானிகள் புறாவின் மரபணுத் தொகுப்பையே படித்து, அந்தப் பாட்டன் உறவை உறுதி செய்தார்கள்.

இதில் நம் தமிழ்நாட்டுப் பங்கும் உண்டு. சென்னை அரசாங்கத்தின் உயர் அதிகாரி வால்டர் எலியட், அமராவதிச் சிற்பங்களோடு பெயர் சேர்ந்தவர், இந்தியப் புறாக்களின் தோல்களை டார்வினுக்கு அனுப்பினார். டார்வின் 1856-இல் அவருக்கு எழுதிக் கேட்டிருந்தார். நூலிலும் எலியட்டுக்கு நன்றி சொல்லியிருக்கிறார்.

கோழி விஷயத்தில் ஒரு திருத்தமும் உண்டு. சிவப்புக் காட்டுக்கோழி மட்டுமே மூலம் என்று பிளைத்தும் டார்வினும் நம்பினார்கள். 2008-இல் வந்த ஆய்வு, பல வீட்டுக்கோழிகளின் மஞ்சள் கால் தோலுக்கான மரபணு, தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று காட்டியது. நம் மேற்கு மலைக் காட்டில் கூவுகிற கோழி! டார்வின் சொன்னதில் ஒரு பகுதி தவறு என்று அவர் வழிவந்தவர்களே கண்டுபிடித்து அச்சிட்டார்கள். இதை நான் பேத்திக்கு அடிக்கோடிட்டுக் காட்டினேன்.

பிளைத் யார் கட்சி?

இங்கேதான் வழக்கு சூடாகிறது. பிளைத் கல்கத்தா வருமுன், 1835 முதல் 1837 வரை இலண்டனில் சில கட்டுரைகள் எழுதியிருந்தார். இயற்கையில் பலவீனமானவை அழிந்து வலியவை நிற்கின்றன என்ற கருத்து அவற்றில் இருக்கிறது. 1959-இல் அமெரிக்க அறிஞர் லோரன் ஐஸ்லி, டார்வின் தன் மூலக் கருத்தைப் பிளைத்திடமிருந்து எடுத்துக்கொண்டு முழுமையாக ஒப்புக்கொள்ளவில்லை என்று எழுதினார். படைப்புக் கட்சியார் அதைப் பற்றிக்கொண்டார்கள். 'இயற்கைத் தேர்வைக் கண்டவரே படைப்பை நம்பிய கிறிஸ்தவர். டார்வின் திருடன்' என்று இன்றும் எழுதுகிறார்கள். மறுபக்கம், பரிணாமத்தை விளக்கும் வெகுஜனப் புத்தகங்கள் பலவற்றில் பிளைத்தின் பெயரே இல்லை.

இரண்டு தராசிலும் எடை குறைவு. என் தொழிலிலேயே ஒரு உதாரணம் சொல்கிறேன். தறியிலிருந்து வரும் துணியில் இழை விட்டது, கறை பட்டது ஆகியவற்றைக் கழித்துவிடுகிறோம். இதனால் சரக்கின் தரம் அப்படியே நிற்கிறது. பிளைத் 1835-இல் சொன்னது இது. இயற்கை கோணலைக் கழித்து, ஆதி வடிவைக் காக்கிறது என்றார். டார்வின் சொன்னதோ வேறு. சந்தையின் ருசி மாறுகிறது. நேற்று கழிவு என்று தள்ளிய நிறத்தை இன்று வாடிக்கையாளர் கேட்கிறார். இருபது ஆண்டில் கடையில் இருப்பது முழுக்க வேறு சரக்கு. கழித்தல் என்ற செயல் ஒன்றுதான். ஆனால் ஒருவர் கணக்கில் அது பழையதைக் காக்கிறது, மற்றவர் கணக்கில் புதியதை உண்டாக்குகிறது. ஆகவே திருட்டு என்பது சரியல்ல. பிளைத்துக்குப் பங்கே இல்லை என்பதும் சரியல்ல.

இன்னொன்று. டார்வினின் நூல் வந்த பிறகு பதினான்கு ஆண்டு பிளைத் உயிரோடு இருந்தார். என் சரக்கை எடுத்துக்கொண்டார் என்று அவர் புகார் சொன்னதில்லை. நட்பாகவே இருந்தார். சம்பந்தப்பட்டவர் கேட்காத பாக்கியை நூறு ஆண்டு கழித்து வேறொருவர் வசூலிக்க வருவது எங்கள் தொழிலில் நடக்காது.

இரு இந்திய உத்தியோகஸ்தரும் ஹால்டேனும்

இரண்டாவது சாட்சி டக்ளஸ் டூவர். 1875-இல் பிறந்த ஐ.சி.எஸ். அதிகாரி. இந்தியப் பறவைகளைப் பற்றி இனிமையாகப் பல நூல்கள் எழுதியவர். 1909-இல் இவரும் ஃபிராங்க் ஃபின்னும் சேர்ந்து உயிரினங்கள் உண்டாகும் விதம் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். ஃபின் நம் ஜாதுகரில் துணைக் கண்காணிப்பாளராக இருந்தவர். பறவைகள் எந்தப் பட்டாம்பூச்சியைத் தின்னும், எதைத் தள்ளும் என்று கல்கத்தாவில் கூண்டு வைத்துச் சோதித்தவர். அந்த 1909 நூலில் டூவர் பரிணாமத்தை ஏற்றே எழுதினார். அதன் விளக்கத்தில்தான் குறை சொன்னார். பின்னர் முழுதும் மாறினார். 1931-இல் பரிணாமக் கொள்கையின் இடர்ப்பாடுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1932-இல் இலண்டனில் தோன்றிய பரிணாம எதிர்ப்பு இயக்கத்தின் தூண்களில் ஒருவரானார். அந்த இயக்கம் 1980-இல் 'படைப்பு அறிவியல் இயக்கம்' என்று பெயர் மாற்றிக்கொண்டது.

1949-இல் ஒரு புத்தகம் வந்தது. 'பரிணாமம் கட்டுக்கதையா?' என்பது தலைப்பின் பொருள். ஒருபக்கம் டூவர், அவருடன் எல். மெர்சன் டேவிஸ். டேவிஸ் இந்தியாவில் பணிபுரிந்த ராணுவ அதிகாரி. கோஹாட் மலைப்பகுதிப் பாறைகளை ஆராய்ந்த நிலவியலாளர். மறுபக்கம் உயிரியல் அறிஞர் ஜே.பி.எஸ். ஹால்டேன். கடவுள் நம்பிக்கை இல்லாதவர், பொதுவுடைமைவாதி. மாறி மாறி எழுதிய வாதங்களை, இரு தரப்பையும் வெட்டாமல் ஒரே அட்டைக்குள் அச்சிட்டார்கள். இது எனக்கு எங்கள் 'நீலகேசி'யை நினைவூட்டியது. அதில் நீலகேசி பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி என்று ஒவ்வொருவரிடமும் போய் வாதிடுகிறாள். எதிராளியின் கொள்கையை முதலில் எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் மறுப்பு வரும்.

டூவர் திரும்பத் திரும்ப எடுத்த ஆயுதம் திமிங்கிலம். நான்கு காலில் நடந்த ஒரு மிருகம் எப்படிக் கடல் வாசியாகும்? பாதிக் காலும் பாதி வாலுமாக இருந்தால் நிலத்திலும் பிழைக்காது, நீரிலும் பிழைக்காது. அப்படிப்பட்ட இடைவடிவம் எங்கே, எலும்பைக் காட்டுங்கள் என்றார். நேர்மையாகச் சொன்னால், அன்றைக்கு அது நல்ல கேள்வி. கையில் காட்ட எலும்பு போதவில்லை.

டூவர் 1957-இல் இறந்தார். அதே ஆண்டு ஹால்டேன் இங்கிலாந்தை விட்டு நம் கொல்கத்தாவுக்கே குடிவந்து, பாரநகரில் மகலனோபிஸ் நடத்திய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். குர்தா பைஜாமா அணிந்தார். இந்தியக் குடியுரிமை பெற்றார். உயிரைக் கொல்லாமலே உயிரியல் செய்யலாம் என்று இளைஞர்களுக்குச் சொன்னார். வளாகத்தில் ஆட்காட்டிக் குருவி அடைகாப்பதைப் பார்த்து எழுதவைத்தார், பூவிதழ்களை எண்ணவைத்தார். பறவைகளை அகிம்சை முறையில் ஆராய்வது பற்றி 1959-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்க இதழில் ஒரு கட்டுரையே எழுதினார். சமணனாகிய நான் அந்தத் தலைப்பைக் கண்டதும் நூலகத்தில் எழுந்தே நின்றுவிட்டேன். அவர் 1964-இல் புவனேசுவரத்தில் காலமானார்.

டூவரின் கேள்விக்குப் பதில் அவர்கள் யாரும் இல்லாத காலத்தில் வந்தது. வந்த இடம்தான் அதிசயம். 1981-இல் பாகிஸ்தானின் கோஹாட் மாவட்டத்தில், அதாவது டேவிஸ் சுத்தியலோடு அலைந்த அதே பக்கத்தில், சுமார் 5 கோடி ஆண்டுக்கு முந்திய ஒரு மண்டையோடு கிடைத்ததாக அறிவிக்கப்பட்டது. நிலத்தில் வாழ்ந்த மிருகம், ஆனால் காதெலும்பு திமிங்கிலத்துடையது. பாகிசீட்டஸ் என்று பெயரிட்டார்கள். 1994-இல் நடக்கவும் நீந்தவும் தக்க கால்களோடு ஆம்புலோசீட்டஸ் அறிவிக்கப்பட்டது. நம் பக்கம் ஜம்மு காஷ்மீரின் காலாகோட்டில் ரங்கராவ் என்ற இந்திய நிலவியலாளர் பாறைகள் சேகரித்திருந்தார். அவர் காலமான பிறகும் அவற்றில் பல உடைக்கப்படாமலே கிடந்தன. பின்னர் ஆராய்ந்தபோது, 'இந்தோஹையஸ்' என்ற சிறு குளம்பு மிருகத்திலும் அதே காதெலும்புத் தடிப்பு தெரிந்தது. 2007-இல் தேவிசன், சுனில் பாஜ்பாய் முதலியோர் அதை வெளியிட்டார்கள். திமிங்கிலத்தின் பங்காளி உறவு நம் துணைக்கண்டத்துப் பாறையில் எழுதியிருந்தது.

இதை நான் 'டூவர் தோற்றார்' என்று சொல்வதற்காக எழுதவில்லை. எதிராளி ஒரு பொருளைக் காட்டு என்று கேட்டார். இந்தப் பக்கத்தார் தேடிக் காட்டினார்கள். காட்டாமல் கேலி மட்டும் செய்திருந்தால் கேள்வி அப்படியே இருந்திருக்கும்.

நம் வீட்டுக் கணக்கு

இனி என் சொந்தப் பேரேட்டைப் பார்க்க வேண்டும். 2009-இல் நான் பேசியது எவ்வளவு தூரம் சரி?

உலகம் அநாதி, படைத்தவன் இல்லை என்பது சமணக் கொள்கை. ஒன்பதாம் நூற்றாண்டில் ஜினசேனர் மகாபுராணத்தில் அதற்குக் காரணங்கள் அடுக்கியிருக்கிறார். தொல்காப்பிய மரபியல், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை பிரிக்கிறது. தொல்காப்பியர் சமணர் என்று வையாபுரிப் பிள்ளை கருதினார், மறுப்பவர்களும் உண்டு. இவ்வளவும் பெருமைதான். ஆனால் இது டார்வின் சொன்னது ஆகுமா? ஆகாது. அறிவால் வகுப்பது தட்டு அடுக்குவது. எந்த உயிர் எதிலிருந்து வந்தது என்பது வம்சாவளி எழுதுவது. இரண்டும் வேறு. படைத்தவன் இல்லை என்றதால் பரிணாமம் சொன்னதாக ஆகிவிடாது.

அதோடு நிற்கவில்லை. எங்கள் நூல்கள் ஜம்புத்வீபத்தைத் தட்டையான வட்டமாகவும் நடுவே மேருமலையாகவும் சொல்கின்றன. ஆதிநாதர் ரிஷபதேவரின் உயரம் ஐந்நூறு வில். அவசர்ப்பிணி காலத்தில் மனிதரின் உயரமும் ஆயுளும் குறைந்துகொண்டே வருகின்றன. நான் நாள்தோறும் வணங்கும் தீர்த்தங்கரரை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அந்த அளவுகளை நிலவியலார் தராசில் வைத்தால் ஆறு நாள் கணக்குக்கு என்ன நேருமோ அதுதான் ஐந்நூறு வில்லுக்கும் நேரும். என் வீட்டுப் படிக்கல்லை ஒளித்துவைத்துக்கொண்டு, அண்ணாச்சி வீட்டுப் படிக்கல்லை மட்டும் கூட்டத்தில் நிறுத்துக் காட்டியிருக்கிறேன். கைதட்டல் கிடைத்தது அதற்குத்தான்.

கிறிஸ்தவர் எல்லோரும் ஒரே கட்சி என்பதும் என் அறியாமை. அமெரிக்காவில் டார்வினுக்காக வாதாடிய தாவரவியல் அறிஞர் ஆசா கிரே பக்தியுள்ள கிறிஸ்தவர். பாரம்பரிய விதிகளைக் கண்ட மெண்டல் ஒரு துறவி. 1950-இல் போப் பன்னிரண்டாம் பயஸ், உடலளவில் பரிணாமத்தை ஆராயத் தடையில்லை என்றார். 1996-இல் இரண்டாம் ஜான் பால், அது வெறும் ஊகத்துக்கு மேற்பட்டது என்றார். ஆதியாகமத்தை எழுத்துக்கு எழுத்து எடுப்பவர்களும் உண்டு, அப்படி எடுக்காதவர்களும் உண்டு. இது அவர்களுக்குள்ளேயே நடக்கும் வாதம்.

பேத்திக்கு நான் சொன்னது இது: "பரிணாமம் நடந்ததற்குச் சான்று மலைபோல இருக்கு, அதைப் படி. புஸ்தகத்துல இல்லைன்னா நூலகத்துல படி. தாத்தா சமணர்ங்கறதால சரின்னு நினைக்காதே. ரயில் தாத்தா வேதாகமம் படிக்கறதால தப்புன்னும் நினைக்காதே. என்ன காட்டறாங்கன்னு கேளு."

இக்கட்டுரையின் கைப்பிரதியை எடுத்துக்கொண்டு போன மாதம் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். 2009-இல் பேசியது தப்பு என்று முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிவரை படித்தார். இரண்டு இடத்தில் பென்சிலால் திருத்தினார். படைப்பை நம்புகிறவர்கள் எல்லாரையும் பற்றி நான் பொதுவாக எழுதியிருந்த ஒரு வரியை அடிக்கச் சொன்னார், அடித்துவிட்டேன். பிறகு சொன்னார்:

"நயினாரே, நான் இதை ஒத்துக்கிடல. கர்த்தர்தான் படைச்சாருன்னுதான் இன்னும் சொல்லுவேன். ஆனா நான் என்ன நம்புதேன்னு நீரு சரியா எழுதியிருக்கீரு. அன்னைக்கு அத எழுதாமப் பேசினீரு, அதான் எந்திரிச்சுப் போனேன்."

அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வந்தார். மறுபடி திமிங்கிலத்தைப் பற்றியே பேச்சு. காபி ஆறும்வரை முடியவில்லை. பேத்தி இரண்டு பேரையும் படித்துறைக்குக் கூட்டிப் போய், படகேறி அக்கரைப் பூங்காவைப் பார்த்துவர வேண்டும் என்கிறாள். மழை நின்றதும் போவதாக இருக்கிறோம். இக்கட்டுரையில் பிழை காணும் அன்பர்கள் அடியேனுக்கு நேரில் சொல்லித் திருத்த வேண்டுகிறேன்.